மின்கம்பிகள் ஏன் ஒலிக்கின்றன?

மழைக்கால இரவுகளில் பெரிய மின்கோபுரங்களின் கீழால் செல்வோருக்கு ஓர் ஒலி கேட்பதுண்டு. சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற படபடப்பும், வண்டின் ரீங்காரம் போன்ற இரைச்சலும் கலந்த ஒலி அது. கம்பி அறுந்து விழப்போகிறது என அஞ்சுவோர் உண்டு. ஏதேதோ கதைகள் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவோரும் உண்டு. ஆனால் இவ்வொலிக்கான காரணம் எமது பௌதிகவியல் பாடத்துக்குள்ளேயே இருக்கின்றது.

காற்று கடத்தியாகும் போது

எமது வீடுகளுக்கு வரும் மின் 230 வோல்ற்று ஆகும். கொத்மலையிலிருந்து பியகமவுக்கும், நுரைச்சோலையிலிருந்து வேயங்கொடைக்கும் மின்னைக் கொண்டு செல்லும் கம்பிகளிலோ 220,000 வோல்ற்று உள்ளது. நீண்ட தூரம் செல்லும் போது ஏற்படும் மின் இழப்பைக் குறைக்கவே இவ்வளவு உயர்ந்த அழுத்தம் பயன்படுத்தப்படுகின்றது.

காற்று சாதாரணமாக ஒரு காவலி. எனினும் ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ற்று என்ற அளவை மின்புலம் எட்டும் போது, காற்றின் மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்கள் பிரிந்து, அக்காற்று மின்னைக் கடத்தத் தொடங்குகிறது. இது கம்பியை ஒட்டிய மெல்லிய பகுதியில் மட்டுமே நிகழும். இதனைக் கொரோனா மின்னிறக்கம் என்பர். கும்மிருட்டில் இது மங்கிய ஊதா ஒளியாகத் தெரிவதும் உண்டு.

ஒவ்வொரு சிறு மின்னிறக்கமும் அருகிலுள்ள காற்றைத் திடீரென விரியச் செய்கிறது. பெரிய இடியும் இவ்வாறே பிறக்கிறது. இங்கு கேட்பவை ஆயிரக்கணக்கான குட்டி இடிகள் எனலாம். எமது நாட்டில் ஆடலோட்ட மின்னின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் நேர் உச்சம் ஒன்றும் மறை உச்சம் ஒன்றும் வருவதால், செக்கனுக்கு 100 தடவை காற்று அதிர்கின்றது. ரீங்காரம் அதனாலேயே எழுகிறது.

மழையில் ஏன் அதிகம்?

மின்புலம் கூரான இடங்களில் செறிவடையும். கம்பியின் அடியில் தொங்கும் மழைத்துளியை மின்புலம் இழுத்துக் கூராக்குகிறது. அந்தக் கூரில் மின்னிறக்கம் எளிதில் தொடங்குகிறது. பனிமூட்டத்திலும் இதுவே நடக்கும். கரையோரப் பகுதிகளில் கோபுரக் காவலிகளின் மேல் உப்புப் படிந்து ஈரமாகும் போதும் படபடப்புக் கேட்கும். இவ்விழப்பைக் குறைக்கவே பொறியியலாளர்கள் தடித்த கம்பிகளையும், இரண்டு அல்லது நான்கு கம்பிகள் சேர்ந்த தொகுதிகளையும் பயன்படுத்துகின்றனர்.

காற்று வீசும் போது எழும் ஒலி வேறு வகையானது. அதற்கு மின்சாரமே தேவையில்லை. கம்பியைக் கடக்கும் காற்று அதன் பின்னால் மாறி மாறிச் சுழிகளை உண்டாக்குகிறது. இதனை 1878இல் ஸ்ட்ரூஹால் என்ற பௌதிகவியலாளர் ஆராய்ந்தார். செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் வீசும் காற்று, 2 சென்ரிமீற்றர் தடிப்புள்ள மின்கம்பியில் ஏறத்தாழ 30 ஹேர்ட்ஸ் மீடிறனுள்ள தாழ்ந்த ஒலியை எழுப்பும். 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பியில் அதுவே 300 ஹேர்ட்ஸ் ஆகி, பாடுவது போல் கேட்கும்.

அஞ்ச வேண்டிய ஒலி எது?

இங்கு ஒரு முக்கிய வேறுபாட்டை நாம் மனதில் கொள்ள வேண்டும். வெறும் 230 வோல்ற்றினால் கொரோனாவை உண்டாக்க முடியாது. ஆகவே கோபுரத்தில் கேட்கும் அதே படபடப்பு எமது வீட்டு பிளக்கிலோ, மீற்றர் பெட்டியிலோ, வாசலுக்கு வரும் கம்பியிலோ கேட்டால் அது இயல்பானதல்ல. இணைப்பு தளர்ந்திருக்கலாம், மரக்கிளை கம்பியில் உரசலாம். அந்தத் தீப்பொறி வீட்டையே எரித்துவிடக் கூடியது. வீட்டுக்குள் கேட்டால், தொடக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும் மெயின் சுவிட்சை நிறுத்தி, தகுதியான மின்னியலாளரை அழைக்க வேண்டும். வெளிக் கம்பியென்றால் விலகி நின்று மின் விநியோக நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும்.

அதேவேளை, ஒலி இல்லை என்பதற்காக ஆபத்தும் இல்லை என எண்ணிவிடக் கூடாது. வெயில் நாளில் 33,000 வோல்ற்றுக் கம்பியும் மௌனமாகவே இருக்கும். மாங்காய் பறிக்கும் கொக்கத்தடி, அன்டெனாக் குழாய், ஈரமான பட்டநூல் ஆகியவை அதனை நெருங்கினாலே உயிர் போகலாம். அறுந்து நிலத்தில் கிடக்கும் கம்பி பொறி பறக்காமலும் மின்னோடு இருக்கலாம். அருகில் நிற்க நேர்ந்தால் பாதங்களை உயர்த்தாமல், அடியோடு அடி சேர்த்து நகர்ந்து விலக வேண்டும். எட்டி வைக்கும் அடியில் இரு கால்களுக்கிடையே வோல்ற்றளவு வேறுபாடு கூடுமாதலால் உடலினூடாக மின் பாயும்.

மழையிரவில் முணுமுணுக்கும் கோபுரத்தைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. அதற்கு உரிய தூரத்தைக் கொடுத்தாற் போதும். எமது காது விழிப்பாக இருக்க வேண்டியது வீட்டுச் சுவரில் கேட்கும் சிறு படபடப்புக்கே ஆகும்.