எத்தனை மணி நேரம் உறிஞ்சும் என்பது இருக்கட்டும், எப்போது காயும்?

கர்ப்பத்தின் எட்டாம் மாதம் பிறந்துவிட்டால் பரணில் கிடந்த பழைய வேட்டிகள் கீழே இறங்கிவிடும். கரையைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடுத்துணியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து அடுக்குவது அம்மா வீட்டு வேலை. அதே வாரத்தில் பிள்ளைத்தாய்ச்சியின் கைப்பேசியில் வேறொரு கடை திறந்திருக்கும். யானை, மேகம், அன்னாசிப்பழம் அச்சடித்த துணி டயப்பர்கள். பாக்கெட் டயப்பர், ஆல் இன் ஒன், ப்ரீஃபோல்டு, கவர், இன்சர்ட், பூஸ்டர் என்று பெயர்களே ஒரு பக்கம் வரும். அம்மா கிழித்துவைத்த வேட்டியா, ஆன்லைனில் வந்த அன்னாசிப்பழமா? வளைகாப்பு முடிந்த வீடுகளில் இப்போது இதுதான் பட்டிமன்றம்.

விளம்பரங்கள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: எத்தனை மணி நேரம் உறிஞ்சும். துவைத்த பிறகு எத்தனை மணி நேரத்தில் காயும் என்று ஒருவரும் சொல்வதில்லை. துணியில் தொடங்கிப் பாதியில் கைவிட்ட தாய்மார்களிடம் பேசிப் பார்த்தால், 'ஒழுகிவிட்டது' என்றவர்களைவிட 'காயவே இல்லை' என்றவர்கள்தான் அதிகம். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் போட்டால், டயப்பருக்குள் வைக்கும் நான்கு மடிப்பு இன்சர்ட்கூட மத்தியானத்துக்குள் அப்பளமாகிவிடும். அதே இன்சர்ட், ஐப்பசி கார்த்திகையில், இரண்டாம் மாடி பால்கனியிலோ, மின்விசிறிக் காற்றை நம்பியோ தொங்கினால் மறுநாளும் சில்லென்றுதான் இருக்கும். அதற்குள் கவிச்சை வாடை ஏறிவிடும். அன்று மாலை வீட்டுக்காரர் மருந்துக்கடையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். அத்தோடு துணி டயப்பர் அலமாரிக்குள் போய்விடும்.

எனவே உங்கள் வீட்டில், உங்கள் தண்ணீரில் துவைத்து, உங்கள் கொடியில் போட்டால் ஒரே நாளில் காயுமா என்பதை முதலில் பாருங்கள். அச்சும் பட்டனும் பிறகு.

பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்கள் அம்மா கிழித்த வேட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. பச்சிளங்குழந்தை ஒரு நாளைக்கு இருபது முறைகூடச் சிறுநீர் கழிக்கும். ஒவ்வொரு முறையும் கனமான டயப்பரை மாற்றினால் வாளி நிறைந்துவிடும். மெல்லிய பருத்தித் துணியை முக்கோணமாக மடித்துக் கட்டினால் நனைந்த கணமே தெரியும். உருவிவிட்டு அடுத்ததைக் கட்டலாம். தொப்புள்கொடி காய்ந்து விழும்வரை, அதாவது ஒன்றிரண்டு வாரம், துணியின் மேல்விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்து விடுவது முக்கியம். கடையில் வாங்கிய டயப்பர் பலவும் அந்த இடத்தில்தான் உரசும். முதல் இரண்டு மூன்று நாள் வரும் கரும்பச்சைக் காட்டுப்பீ தார்போல ஒட்டிக்கொள்ளும். அதற்குப் புதுத் துணியைப் பலிகொடுப்பானேன்?

முப்பது துண்டு இருந்தால் தடுமாற்றம் இல்லை. வீட்டில் வேட்டி இல்லாதவர்கள் ஈரோட்டுச் சந்தையில் மல் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி ஓரம் அடித்துக்கொள்ளலாம். காடாத் துணி மலிவுதான், ஆனால் பிஞ்சுத் தொடைக்கு முரடு. எந்தப் புதுத் துணியானாலும் கஞ்சி போக நான்கைந்து முறை துவைத்த பிறகே உறிஞ்சத் தொடங்கும். முதல் நாளே 'தண்ணீர் மேலேயே நிற்கிறது' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

இரண்டு மூன்று மாதமான பிறகுதான் கவரும் பட்டனும் தேவைப்படும். நீர் கசியாத பியுஎல் மேலுறை, உள்ளே உறிஞ்சும் துணி: துணி டயப்பரின் கதை இவ்வளவுதான். மேலுறை சீக்கிரம் காய்ந்துவிடும். நேரத்தைத் தின்பது உள்ளே இருக்கும் இன்சர்ட். ஆகவே மேலுறையைக் குறைத்து, மெல்லிய உள்துணிகளைக் கூட்டி வாங்குவதே கெட்டிக்காரத்தனம். ஐந்தாறு கவர் போதும். உள்ளே அதே வேட்டித் துண்டையோ, அடுக்கடுக்காக மடித்துத் தைத்த ப்ரீஃபோல்டையோ நீளமாக மடித்து வைக்கலாம். மைக்ரோஃபைபர் இன்சர்ட்டை மட்டும் தோலில் நேராகப் படும்படி வைக்கக் கூடாது. அது ஈரத்தோடு சருமத்தின் எண்ணெய்ப்பசையையும் இழுத்துவிடும். எல்லாம் சேர்த்துத் தைத்த ஆல் இன் ஒன் போடுவதற்குச் சுலபம், பார்க்கவும் அழகு. வடகிழக்குப் பருவமழையில் அதை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது.

துணி கட்டினால் புண்ணே வராது என்பதும் விளம்பரப் பேச்சுதான். ஈரத்தோடு கிடந்தால் வேட்டித் துணியிலும் சிவந்துபோகும். மாற்றுகிற கை சுறுசுறுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவே.

துவைப்பதில் பெரிய வித்தை இல்லை. துணிக்கு மணமும் மென்மையும் தரும் கண்டிஷனரை இதன் பக்கம் கொண்டுவராதீர்கள். நூலின் மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். சோப்புத்தூள் அதிகமானாலும் இதே கதி. போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் துணி தகரம்போல விறைத்துப்போகும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மஞ்சள் கறை, ஈரத்தோடு வெயிலில் போட்டால் தானாக வெளுக்கும். பியுஎல் கவரை மட்டும் நிழலில் காயவிட்டு, இஸ்திரிப் பெட்டியை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, பத்து ரூபாய்க்கு ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் முடிந்தது என்பவர்கள் உண்டு. நாளைக்கு ஆறு என்று வைத்தால் வருடத்துக்கு 2,190, ரூபாயில் 21,900. பணத்தை விடுங்கள். அந்த 2,190 பொட்டலமும் எங்கே போகிறது என்று பார்க்க, சென்னையில் காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் நின்றால் போதும்.

பேட்டரி வண்டி வந்து நிற்கிறது. ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, உலர் குப்பைக்கு நீலத் தொட்டி. தூய்மைப் பணியாளரான ஒரு அக்கா, வீட்டு வாசலில் இருந்த கறுப்பு கேரி பேகைத் தூக்கிக் கையில் வைத்து எடை பார்க்கிறார். பிறகு விரல்களால் வெளியிலிருந்து ஒரு அமுக்கு. கையில் பின்னல் கையுறை. நுனி நைந்து இரண்டு விரல் வெளியே தெரிகிறது. "எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டேன். "கனமா, கொழகொழன்னு இருந்தா அதாம்மா. ஆனா அழுகின தக்காளியும் அப்படித்தானே இருக்கு? பிரிச்சாத்தான் தெரியும்" என்றபடி முடிச்சை அவிழ்த்தார். மூன்று டயப்பர்கள். ஒன்று கிழிந்து, உள்ளே இருந்த ஜெல் ஜவ்வரிசிபோலப் பிதுங்கி நூல் கையுறையில் ஒட்டிக்கொண்டது. உதறினார், போகவில்லை. வண்டியின் கம்பியில் தேய்த்துவிட்டு அடுத்த பையை எடுத்தார்.

துணி டயப்பரைப் பற்றி எழுதச் சொன்ன ஆசிரியர் குழு என்னிடம் எதிர்பார்த்தது 'எது சிறந்தது, என்ன விலை' என்ற பட்டியலைத்தான். அந்தக் கையுறையைப் பார்த்த பிறகு என்னால் பட்டியலோடு நிற்க முடியவில்லை.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரைத் தயாரிப்பாளர் தரும் உறையிலோ உள்ளாட்சி சொல்லும் பொருளிலோ நன்றாகச் சுற்றி, உலர் கழிவுத் தொட்டியில் போடச் சொல்லியிருந்தன. உலர் கழிவு என்றால் பால் கவர், அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில். கை வைத்துத் தரம் பிரிக்கும் குப்பை. அதன் நடுவில்தான் இந்தப் பொட்டலமும் போய் உட்காருகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வில் இன்னொரு கணக்கு இருக்கிறது. குழந்தையின் மலத்தை என்ன செய்கிறீர்கள் என்று தாய்மார்களிடம் கேட்பார்கள். கழிவறையில் கொட்டிக் கழுவினால் 'பாதுகாப்பானது', குப்பையில் எறிந்தால் 'பாதுகாப்பற்றது' என்ற பட்டியலில் சேர்ப்பார்கள். குடிசையில் இருக்கும் தாய் மலத்தைக் காகிதத்தில் வாரிக் குப்பைமேட்டில் போட்டால் அது சுகாதாரக் கேடு. அடுக்குமாடியில் இருப்பவர் அதையே டயப்பரோடு சுருட்டித் தொட்டியில் போட்டால் அந்த விதிப்படி நடந்த குடிமகன்!

பச்சைப் பிள்ளையின் மலத்தில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையின் மலத்தில் ரோட்டா வைரஸ் கோடிக்கணக்கில் வெளியேறும். அந்த அக்காவின் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கலாம்.

மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க 2013-இல் சட்டம் வந்தது. சுகாதாரமற்ற கழிப்பிடம், திறந்த சாக்கடை, குழி, ரயில் தண்டவாளம் என்று இடங்களை அது வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் நீலத் தொட்டி இல்லை. சட்டம் எழுதியவர்கள் கண்ணில் பொட்டலம் கட்டிய மலம் படவில்லை போலும். தொட்டியைவிட்டு நகர்ந்தால் அந்தப் பொட்டலம் போய்ச் சேருவது சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளுக்கு. அந்தக் குப்பை மலைகளைச் சலித்துப் பிரிக்கும் வேலையிலும் டயப்பரின் பிளாஸ்டிக் தாள் வந்து சிக்குகிறது.

இந்த இடத்தில் 'அந்தக் காலத்தில் டயப்பர் ஏது, நாங்கள் பிள்ளை வளர்க்கவில்லையா' என்று மூக்கை நுழைக்கும் தாத்தாக்களுக்கு ஒரு கேள்வி. அந்தத் துணியைத் துவைத்தது யார்? பல ஊர்களில் பிள்ளை பெற்ற வீட்டுத் துணியை மூட்டையாகக் கட்டி வண்ணார் வீட்டுப் பெண்களிடம் கொடுத்துவிடுவார்கள். தலித் மக்களுக்குத் துவைத்தவர்கள் புதிரை வண்ணார். அவர்களையும் அடுக்கில் கடைசிக்குத் தள்ளிவைத்தது ஊர். கூலி, கிண்ணத்தில் விழுந்த சோறும் களத்தில் அளந்த தானியமும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலைப் படித்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேட்டித் துணியின் வெண்மையைப் பற்றிப் பெருமூச்சு விடுவதற்கு முன்னால், அந்த வெண்மை யார் முதுகு ஒடிந்து வந்தது என்று யோசித்துக்கொள்ளலாம். இன்றைக்கும் துணி டயப்பர் வாங்கிவிட்டு, வாளியை அப்படியே வேலைக்கு வரும் அம்மாவின் முன் நகர்த்துகிற வீடுகள் இருக்கின்றன. அதற்குப் பிளாஸ்டிக் டயப்பரே மேல் என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

தண்ணீர் செலவாகாதா, மின்சாரம் ஆகாதா என்ற வாதத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். பிரிட்டனில் 2008-இல் வெளியான ஒரு ஆய்வு, கரிம வெளியேற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்றது உண்மைதான். ஆனால் இயந்திரத்தை நிறைத்துத் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதையே கட்டினால் துணியின் பங்கு 40 சதவீதம் குறையும் என்றும் அதிலேயே இருந்தது. அங்கேயே 2023-இல் வந்த புதிய கணக்கு, துணிக்குக் கால்பங்கு குறைவு என்கிறது. உலர்த்தும் இயந்திரத்தையும் சேர்த்துப் போட்ட குளிர்நாட்டுக் கணக்கு அது. நமக்குச் சூரியன் ஓசியில் வருகிறது.

வேலை எப்படிப் பங்காக வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் ஏற்பாடு பிடித்திருந்தது. கழிவறையில் ஏற்கெனவே இருக்கும் கைப்பீச்சுக் குழாய்தான் ஆயுதம். மலத்துணியை அங்கேயே பீச்சி, மலத்தைக் கழிவறைக்குள் தள்ளிவிட்டு, மூடி போட்ட வாளியில் போடுவது குழந்தையின் அப்பா வேலை. அவர் வேலைக்குப் போன நேரத்தில் மட்டும் பாட்டி. இரவில் ஒரு முறை மெஷின் ஓடும், விடிகாலையில் கொடிக்குப் போகும். வேலைக்கு வரும் அம்மாவுக்கு அந்த வாளி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. மழைக்காலத்தில் அவர்கள் இன்சர்ட்டை ஒதுக்கிவிட்டு ஒற்றை மடிப்பு வேட்டித் துண்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ராத்திரி ஃபேன் காற்றில் அது விடிவதற்குள் காய்ந்துவிடும். யானை அச்சு கவர் எல்லாம் கல்யாண வீட்டுக்குப் போகும்போதுதான்.

இரவுத் தூக்கம், ரயில் பயணம், காப்பகம் என்று பிளாஸ்டிக் டயப்பர் தவிர்க்க முடியாத நேரங்கள் வரும். பல காப்பகங்களில் துணியைக் கட்டி அனுப்பினால் சேர்க்கவே மாட்டார்கள். அப்போதும் மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டுத்தான் சுருட்ட வேண்டும். கறுப்புப் பை கூடாது, செய்தித்தாள் போதும். புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்கள், பொட்டலத்தின் மேல் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். பிரித்துப் பார்க்காமலே ஒதுக்கிவிடலாம் என்பதற்காக. நம் தெருவில் அதற்கு உத்தரவு எதுவும் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. சமையலறையில் ஒரு சிவப்பு மார்க்கரைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, வண்டியோடு வருகிறவரிடம் 'சிவப்பு போட்டிருந்தால் அதுதான்' என்று முதல் நாளே சொல்லிவைத்தால் ஆயிற்று.