தோற்றாலும் வெளியே அனுப்பாத விளையாட்டு

தோட்ட லயத்தில் வளர்ந்த பாட்டிகளுக்குப் 'பூப்பறிக்க வருகிறோம்' நன்றாகத் தெரியும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் அடுக்குமாடிகளில் வளரும் பேரப்பிள்ளைகளுக்கு அது தெரிந்திருப்பது அரிது. இரண்டு அணிகள் கைகோத்து எதிரெதிரே நிற்கும். பாட்டாகவே கேள்வி, பாட்டாகவே பதில். பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பிள்ளையும் அழைக்க வந்த பிள்ளையும் கோட்டுக்கு இருபுறமும் நின்று இழுப்பார்கள். தோற்றவர் எதிரணியில் சேர்ந்துகொள்வார், அவ்வளவுதான். இசை நாற்காலியிலோ முதலில் தோற்கும் பிள்ளை ஓரமாக உட்கார வேண்டும். பல நேரம் அது கூச்சப்படும் பிள்ளைதான்.

சேர்ந்து பாடி ஆடுவதிலும் பலன் உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி ஆடிய 4 வயதுப் பிள்ளைகள் பிறகு சக பிள்ளைக்கு உதவ அதிகம் முன்வந்தனர்.

பாலர் பள்ளியில் இதற்குத் தரையில் ஒரு கோடு போதும். இழுப்பதில் கை வலிக்காமல் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசிவரை யாரும் பெயர் சொல்லி அழைக்காத பிள்ளை யார் என்பதையும்.