அண்டைவீட்டார் போட்ட சாட்சிக் கையெழுத்து

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் வட்டாரத்தில், விடியலில் பாங்கோசை அடங்கியதும் தேவாலய மணி ஒலிக்கும். இந்த அண்டைவீட்டு உறவு நேற்று முளைத்ததல்ல.

கி.பி. 849. சேர மன்னர் தாணு ரவியின் கீழ் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள், கொல்லத்தின் தரிசாப்பள்ளிக்கு நிலம் தந்தார். சந்தையின் அளவுகோலையும் தராசையும் அதன் பொறுப்பில் விட்டார். அங்கே வேதம் ஒலித்தது சிரியாக் மொழியில். செப்பேடு பொறிக்கப்பட்டது வட்டெழுத்தில்.

சாட்சிகள்தான் வியப்பு. அரபு, பஹ்லவி, ஹீப்ரு என மூன்று எழுத்துகளில் கையெழுத்திட்டனர். முஸ்லிம்களும் யூதர்களும் பாரசீகர்களும் ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் சொத்துக்குச் சாட்சி! நபிகள் மறைந்து 217 ஆண்டுகளே ஆகியிருந்தன.

'வந்தேறிகள்' என்ற பேச்சு எழும்போதெல்லாம் எடுத்துப் படிக்க வேண்டிய பத்திரம் இது.