உபவாசமும் மாத்திரை வேளையும்



ஒவ்வொரு ஆண்டும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரத்தில் ஒரே கேள்வியோடு பலர் எங்கள் அறைக்கு வருகிறார்கள். "ஐயா, நான் மாத்திரை சாப்பிடுகிறவன். லெந்து நாட்களில் உபவாசம் இருக்கலாமா?" என்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்கள் எங்களுக்கு முன்னமே கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆனால் பார்க்கின்சன் என்னும் நடுக்கவாத நோயாளிகளுக்கு என்ன சொல்வது என்பதை ஒரு தவறு செய்த பிறகே கற்றுக்கொண்டோம். அந்தத் தவறு எங்களுடையது. ஆகையால் மறைக்காமல் எழுதுகிறோம்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். தம் சேகரத்தில் பல ஆண்டுகள் பாடகர் குழுவை நடத்தியவர். வலது கை நடுக்கத்தில் தொடங்கிய நோய் ஏழாம் ஆண்டில் இருந்தது. நாளொன்றுக்கு ஐந்து வேளை மாத்திரை. பரிசுத்த வாரத்துக்கு முன் எங்களைச் சந்தித்து, பெரிய வியாழன் முதல் மூன்று நாள் உபவாசம் இருக்கத் தீர்மானித்திருப்பதாகச் சொன்னார். "உங்களால் முடிந்த மட்டும் இருங்கள், கர்த்தர் பெலன் தருவார்" என்று சொல்லி ஜெபித்து அனுப்பினோம். மாத்திரையைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. உபவாசம் என்றால் வாயில் ஒன்றும் படக்கூடாது என்று எண்ணி, அவர் உணவோடு தண்ணீரையும் மாத்திரையையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்.

பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. "பலவீனம்தான்" என்று வீட்டார் நினைத்தார்கள. சனிக்கிழமை மாலை உடல் பலகைபோல் விறைத்து, காய்ச்சல் ஏறி, பேச்சு குழறிய நிலையில் அவரை எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அவருடைய மனைவி எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, சாமி காரியமாய்த்தானே இருந்தார், இப்படி ஆகிவிட்டதே" என்று அழுதபோது எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மூக்கு வழியாகக் குழாய் போட்டு, மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தார்கள். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். கர்த்தருடைய கிருபையால் அவர் பிழைத்தார். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் மனக்குழப்பமும் உண்டாகி, உயிருக்கே மோசம் வரலாம் என்று மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். அன்று அவரிடம் கேட்டறிந்தவற்றை உங்கள் குடும்பங்களின் நன்மைக்காக எழுதுகிறோம்.

நோயும் மருந்தும்

1817ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். அதனால் அது அவர் பெயரைப் பெற்றது. மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. டோபமின் குறையும்போது நடை தளர்கிறது, உடல் விறைக்கிறது, கை நடுங்குகிறது. டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் பயனில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அது தாண்டாது. லீவோடோபா என்னும் பொருள் தாண்டும். உள்ளே சென்றபின் டோபமினாக மாறும். வழியிலேயே வீணாகாதபடிக்குக் கார்பிடோபா என்னும் துணை மருந்தையும் அதே மாத்திரையில் சேர்க்கிறார்கள். 1960களில் பயனுக்கு வந்த இந்த மருந்தே இன்றும் இந்த நோய்க்கு முதன்மையான மருந்து.

நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலும் இதே லீவோடோபா இருக்கிறது. 1937ஆம் ஆண்டிலேயே தாமோதரன், ராமசாமி என்னும் இந்திய ஆராய்ச்சியாளர் இருவர் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஆகையால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் "நாட்டு மருந்துதானே" என்று அந்தப் பொடியையும் சேர்த்து உண்பது ஒரே மருந்தை அளவு தெரியாமல் இரண்டு முறை உண்பதாகும்.

ஒரே வாசலில் இரண்டு கூட்டம்

லீவோடோபா இரத்தத்தில் நெடுநேரம் தங்காது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நோய் முற்றியவர்களுக்கு வேளை தவறாமல் கொடுக்கவேண்டியது இதனால்தான். அரை மணி தாமதம்கூட அவர்களை நாற்காலியிலேயே உட்காரவைத்துவிடும்.

அடுத்தது உணவு. நாம் உண்ணும் இறைச்சி, மீன், முட்டை, பால், பருப்பு ஆகியவற்றின் புரதம் வயிற்றில் அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. லீவோடோபாவும் ஒருவகை அமினோ அமிலமே. சிறுகுடலிலிருந்து இரத்தத்துக்குள் செல்ல இவை யாவற்றுக்கும் ஒரே வாசல்தான். இரத்தத்திலிருந்து மூளைக்குள் செல்லவும் அப்படியே. அசனப் பண்டிகையன்று பந்தி வாசலில் கூட்டம் நெருக்கும்போது மெலிந்த கிழவர் ஒருவர் உள்ளே நுழைய முடியாமல் ஓரத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? கறிச்சாப்பாட்டோடு விழுங்கின மாத்திரையின் கதியும் அதுவே. ஆகையால் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ வெறும் தண்ணீரோடு சாப்பிடும்படி மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். நம் வீடுகளில் காலை மாத்திரையைப் பால் காப்பியோடு விழுங்கும் பழக்கம் உண்டு. அது கூடாது. இரும்புச்சத்து மாத்திரையும் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டையும் வேறு வேறு வேளைகளில் சாப்பிட வேண்டும்.

இதிலிருந்து இன்னொரு காரியமும் விளங்கும். மாத்திரையை விடாமல் உபவாசம் இருக்கும் சிலர், "அந்த நாட்களில் எனக்கு நடை இலகுவாய் இருக்கிறது" என்று சாட்சி சொல்லுவதுண்டு. அது பொய்யல்ல. வெறும் வயிற்றில் மருந்து போட்டியில்லாமல் உள்ளே செல்கிறது. நோய் தணிந்ததாக அதற்கு அர்த்தமில்லை. மருந்து முழுமையாகச் சேர்ந்தது என்பதே அர்த்தம். அதே மனிதர் ஈஸ்டர் பகலில் பிரியாணியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, மாலையில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றால் ஆச்சரியமில்லை. இன்னும் சிலருக்கு வெறும் வயிற்றில் மருந்து வேகமாக ஏறுவதால் குமட்டலும், கை கால் தானாக நெளிவதும் உண்டாகும். தண்ணீரும் குறைந்தால் எழும்போது இரத்த அழுத்தம் இறங்கி விழுவார்கள். மலச்சிக்கலும் கூடும்.

கீட்டோ உணவு

தலைமை ஆசிரியர் வீடு திரும்பிச் சில மாதங்கள் சென்றபின் தம் மகனோடு மீண்டும் வந்தார். வெளியூரில் வேலைபார்க்கும் மகன், "சோற்றையும் இட்லியையும் விட்டு, முட்டையும் இறைச்சியும் நெய்யும் மட்டும் தினம் ஒரு வேளை சாப்பிட்டால் இந்த நோய் போய்விடுமாமே" என்று கேட்டார். அவரைக் கேலி செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. தகப்பன்மேல் உள்ள அன்பினால் கேட்டார்.

மாவுச்சத்தை மிகக் குறைத்தால், அல்லது பட்டினி கிடந்தால், உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்னும் எரிபொருளை உண்டாக்குகிறது. மூளை அதையும் பயன்படுத்தும். பட்டினியால் வலிப்பு குறைவதைக் கண்டு, அதே பலனைப் பட்டினியில்லாமல் பெறும் பொருட்டு 1921ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர் இவ்வித உணவுக்குப் பெயர் கொடுத்தார். மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள பிள்ளைகளுக்கு இன்றும் இது மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கப்படுகிறது.

பார்க்கின்சன் நோயில் செய்யப்பட்ட சோதனைகள் சிறியவை. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் ஏழு பேர் தொடங்கி ஐந்து பேர் 28 நாள் முடித்தார்கள். அவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டம் இல்லை. 2018ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் 47 பேரோடு தொடங்கி, 38 பேர் எட்டு வாரம் முடித்தார்கள். கொழுப்புக் குறைந்த உணவு உண்டவர்களும் கீட்டோ உணவு உண்டவர்களும் முன்னேற்றம் கண்டார்கள். அசைவு அல்லாத தொல்லைகளில் கீட்டோ கூட்டத்தாருக்கு அதிக நன்மை தெரிந்தது. அவர்களில் சிலருக்கு இடையிடையே நடுக்கமும் விறைப்பும் கூடியதும் உண்டு. நம்பிக்கையோடு மேலும் ஆராயலாம் என்பதற்கு இது போதும். நோய் போய்விடும் என்று சொல்வதற்குப் போதாது.

எங்கள் மருத்துவர் அந்த மகனிடம் மூன்று எச்சரிப்புகள் சொன்னார். முதலாவது, முட்டையும் இறைச்சியும் குவிந்தால் புரதம் வாசலை அடைக்கும். மிகுந்த கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். இரண்டினாலும் மருந்து பிந்தும். இரண்டாவது, இந்த நோயாளிகள் ஏற்கெனவே மெலிகிறவர்கள். இன்னும் எடை குறைந்தால் பெலன் குறையும், பழைய அளவு மருந்தே மிஞ்சிப்போய் நெளிவு கூடும். மூன்றாவது, சர்க்கரை நோயும் உள்ளவர்கள் பட்டினி கிடந்தால் சில மாத்திரைகளால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகளோடு கீட்டோ உணவு சேர்ந்தாலோ, இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம்.

அதற்குப் பதிலாக அவர் ஒரு எளிய வழியைச் சொன்னார். பகலில் மருந்து ஏறி இறங்கித் தொல்லைப்படுகிறவர்கள் காலையிலும் மதியத்திலும் புரதத்தைக் குறைத்து, மீனையும் முட்டையையும் பருப்பையும் இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். புரதத்தை அடியோடு விடக்கூடாது. இதையும் மருத்துவரைக் கேட்டே செய்யவேண்டும்.

எப்படி உபவாசிப்பது?

இப்போது எங்களிடம் வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லுவது இதுவே. மாத்திரை உணவல்ல. அதை ஒரு வேளையும் தவறவிடாதீர்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஒரு வேளை உணவை விட விரும்பினால், லெந்து தொடங்குமுன் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றால் வருந்தாதீர்கள். இனிப்பையோ தொலைக்காட்சியையோ விடுங்கள். மிச்சமாகும் பணத்தால் பசித்தவனுக்கு ஒரு வேளை ஆகாரம் கொடுங்கள். ஏசாயா 58ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தெரிந்துகொண்ட உபவாசம் அதுதான். களைத்துப்போன எலியாவைத் தேவதூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னானே அல்லாமல், உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. யவீருவின் மகளை உயிரோடெழுப்பின நம் ஆண்டவரும் அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி சொன்னார்.

சென்ற பெரிய வெள்ளியன்று தலைமை ஆசிரியர் எங்கள் மருத்துவமனைச் சிற்றாலயத்தில் முன்வரிசையில் இருந்தார். மூன்றாம் வார்த்தையின் தியானம் நடக்கும்போது அவர் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்து, மாத்திரையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் நீட்டினார். அவர் சற்றுத் தயங்கி எங்களைப் பார்த்தார். நாங்கள் பிரசங்கத்தை நிறுத்தி, அவர் விழுங்கும்வரை காத்திருந்தோம். பிறகு தொடர்ந்தோம். அடுத்த பாட்டுக்கு அவர் எழுந்து நின்றே பாடினார்.

உங்கள் சபையிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். இந்த மடலை அவருக்கும் உங்கள் ஐயரவர்களுக்கும் வாசிக்கக் கொடுங்கள். மாத்திரை வாங்க வழியற்ற நோயாளிகள் ஒரு வேளையும் தவறாதபடிக்கு உங்கள் காணிக்கைகள் உதவுகின்றன.  நோயாளிகளுக்காகவும், அவர்களுக்கு மாத்திரை வேளையை நினைப்பூட்டும் மனைவிமார், கணவன்மார், பிள்ளைகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
மருத்துவமனைக் குருவானவர்