கரண்டு காசும் பி.எப். காசும்

போன அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின நாள் தெருவே வெளிச்சமா இருக்க, எங்க வீடு மட்டும் இருட்டு. "லைன்மேன் பீஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டாரு"ன்னு பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னாங்க. பில் கட்டவில்லையாம்! அப்பா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்காரர் கையில் காசு கொடுத்துவிடுவார். இணைப்பு அவர் பேரில்தான் இருக்கிறது. "அவசரத்துக்குச் செலவாயிட்டு அண்ணாச்சி, நாளைக்குக் கெட்டிருதேன்" என்றார் அவர். அன்றைக்கு மெழுகுவர்த்தியில்தான் கணக்குப் போட்டேன்.

இது திருட்டா, கடனா? சமூக அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் எழுதுகிறேன்.

கம்பியில் கொக்கி போட்டுக் கரண்டு திருடினால், மின்சாரச் சட்டம் 2003, 135-ஆம் பிரிவில் 3 வருடம் வரை சிறை. கரண்டுக்குக் கொடுத்த காசை அமுக்கினால் அதற்கென்று தனிப் பிரிவு இல்லை! பொதுவான 'நம்பிக்கை மோசடி'தான். அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 405, 406-ஆம் பிரிவுகள். 1-7-2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-ஆம் பிரிவு; 5 வருடம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஆனால் காசை நம்பி ஒப்படைத்தோம், அவர் நேர்மை இல்லாமல் எடுத்தார் என்று ரெண்டையும் நாம் நிரூபிக்க வேண்டும். 'நாளைக்குக் கெட்டிருதேன்' என்கிறவரிடம் எப்படி நிரூபிக்க? ரசீதும் கிடையாது.

பி.எப். காசுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. எங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்காங்க. நம்ம கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் நிறையப் பேர் வீட்டில் அப்படித்தான். சம்பளத்தில் பி.எப். பிடித்துவிட்டு முதலாளி அதை நிதியில் கட்டாவிட்டால்? 1973-இல் 405-ஆம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். பிடித்த பணம் அவரிடம் ஒப்படைத்த பணமாகவே கருதப்படும். கட்டாமல் விட்டால் நேர்மையில்லாமல் பயன்படுத்தியதாகவே கருதப்படும். 1975-இல் இ.எஸ்.ஐ. பணத்துக்கும் இப்படியே சேர்த்தார்கள். இரண்டும் புதிய சட்டத்திலும் இருக்கின்றன.

அதே மாதிரி கரண்டு காசுக்கும் தண்ணீர்க் காசுக்கும் ஒரு விளக்கம் சேர்த்தால் என்ன?

"ரெண்டு நாள் தாமதத்துக்கும் ஜெயிலா?" என்று ஆசிரியர் மடக்கினார். நியாயம்தான். மின்சாரச் சட்டம் 56-ஆம் பிரிவுப்படி 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்துத்தான் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அறிவிப்பு யாருக்கு? இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு! எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்த 15 நாளுக்குள் கட்டினால் குற்றமில்லை, தாண்டினால் குற்றம் என்று வைக்கலாமே.

அப்பாவுக்கு வேறு பயம். "அப்படிச் சட்டம் வந்தா வீட்டைக் காலி பண்ணுன்னுருவாங்கல்லா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது இணைப்பு எண்ணைக் காலண்டர் அட்டையில் எழுதி வைத்து, அண்ணன் செல்லிலேயே கட்டிவிடுகிறோம். எண் தெரிந்தால் போதும், யாரும் கட்டலாம். அப்பா கொடுத்த பழைய காசுதான் இன்னும் வரவில்லை.