உங்க ஊர் எது, உங்க டீம் எது

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சில் இடம் கிடைப்பது அபூர்வம். அன்றைக்குக் கிடைத்தது. எதிர்வீட்டுத் தம்பி ஒரு முனையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் யாரும் பக்கத்தில் போகவில்லை. சிவப்புச் சட்டை, மான்செஸ்டர் யுனைடெட். முந்தைய இரவு தோற்றிருக்கிறார்கள்.

"அவங்க தோத்தா உனக்கென்னப்பா?" என்று டீ மாஸ்டர் கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. தம்பி என் பக்கம் திரும்பினான். "நீங்களே சொல்லுங்கண்ணே, இதெல்லாம் விளக்குற விஷயமா?"

விளக்கலாம். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். இன்னொரு டீ சொன்னேன்.

முதலில் அவன் கதையையே கேட்டேன். 2008இல் மாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. நம்மூரில் நடுராத்திரி தாண்டியிருந்தது. பத்து வயதுப் பையன், அப்பா எழுந்துவிடாதபடி டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, பெனால்டியில் செல்சி தோற்பதைப் பார்த்திருக்கிறான். ஜெயித்தது ரொனால்டோ ஆடிய யுனைடெட். அன்று ஒட்டிக்கொண்டது, ரொனால்டோ போன பிறகும் போகவில்லை. இது ஒரு வழி: சரியான வயதில், சரியான ராத்திரியில், ஒரு வெற்றி. டிவி வந்த பிறகு உலகத்தில் பாதிப் பேர் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

"நீ தேர்ந்தெடுத்தே தம்பி. தேர்ந்தெடுக்குற வேலையே இல்லாத ஊர் ஒண்ணு இருக்கு. அங்க பிறக்குறதுக்கு முன்னாடியே டீம் முடிவாயிடும்."

கொல்கத்தாவைத்தான் சொன்னேன். தொண்ணூறுகளில் நாலு வருஷம் ஜாதவ்பூரில் குடியிருந்தேன். போன முதல் வாரத்திலேயே வீட்டுக்கார அம்மா கேட்ட கேள்வி, "உன் தேஷ் எங்கே?" இந்தியாதான் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகுதான் புரிந்தது, வங்காளிகள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு நாடு என்று மட்டும் பொருள் இல்லை. பூர்விக ஊர் என்றும் பொருள். நாம் முன்பின் தெரியாதவரிடம் "தம்பிக்கு எந்த ஊரு?" என்று ஆரம்பிக்கிறோமே, அதே கேள்விதான். மேலூர், மதுரைப் பக்கம் என்றேன். அவருடையது பரிசால், இன்றைய வங்கதேசத்தில். அடுத்து "மோகன் பாகானா, ஈஸ்ட் பெங்காலா?" என்று அவரிடம் கேட்கத் தேவையே இல்லை. பரிசால் என்றாலே ஈஸ்ட் பெங்கால்.

அங்கே மனிதர்கள் இரண்டு வகை. மேற்கு வங்கத்துப் பூர்விகம் என்றால் கோட்டி. திருநெல்வேலிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே அதற்குச் செம்பு என்று அர்த்தம். கிழக்கிலிருந்து வந்தவர் என்றால் பாங்கால். கோட்டிகள் சமையலில் சர்க்கரை போடுவார்கள் என்று பாங்கால்கள் கேலி செய்வார்கள். பாங்கால்களின் பேச்சு பட்டிக்காட்டுப் பேச்சு என்று கோட்டிகள் கேலி செய்வார்கள். கோட்டி வீட்டில் மோகன் பாகான், பச்சையும் மெரூனும். பாங்கால் வீட்டில் ஈஸ்ட் பெங்கால், சிவப்பும் தங்க மஞ்சளும்.

இது எப்படி இப்படிப் பிரிந்தது என்பதில்தான் ருசி இருக்கிறது.

மோகன் பாகான் மூத்தது. 1889 ஆகஸ்ட் 15இல், வடக்கு கல்கத்தாவில் தொடங்கியது. அந்தத் தேதிக்கு இன்னொரு அர்த்தம் வர ஐம்பத்தெட்டு வருஷம் இருந்தது. 1911 ஜூலை 29இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டி, எதிரே ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற பிரிட்டிஷ் பட்டாளத்து அணி. நம்மவர்களில் பூட்ஸ் போட்டவர் ஒருவர்தான், மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். ஒரு கோல் பின்தங்கி, தலைவர் ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்து, அபிலாஷ் கோஷ் வெற்றி கோல் போட்டு, 2-1. கூட்டத்தில் பின்னால் நின்றவர்களுக்கு ஆட்டம் தெரியாததால், கோல் கணக்கைப் பட்டத்தில் எழுதிப் பறக்கவிட்டார்களாம். அன்றைக்குக் கோட்டி, பாங்கால் என்ற பேச்சே இல்லை. பார்க்கப் போனால் பாதுரி சகோதரர்களின் பூர்விகமே கிழக்கில், ஃபரித்பூர். மோகன் பாகான் அன்று எல்லாருக்கும் சொந்தமான டீம். வெள்ளைக்காரனை அவன் ஆட்டத்திலேயே ஜெயித்த டீம் வேறு யாருக்குச் சொந்தமாக இருக்க முடியும்?

ஈஸ்ட் பெங்கால் பிறந்த கதை இதற்கு நேர் எதிர், ரொம்பச் சின்னது. 1920 ஜூலையில் ஜோராபாகான் என்ற கிளப் மோகன் பாகானோடு ஆட வேண்டியிருந்தது. சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை ஜோராபாகான் நிர்வாகம் காரணம் சொல்லாமல் உட்காரவைத்தது. கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி எதிர்த்துப் பேசினார். கேட்கவில்லை. அவர் வெளியேறினார். இருவருமே கிழக்கத்தியவர்கள். அதனால்தான் ஒதுக்கினார்கள் என்ற கசப்பு உள்ளே இருந்தது. ஆகஸ்ட் 1இல் நண்பர்களைச் சேர்த்துப் புதுக் கிளப் தொடங்கியாயிற்று. நம்மூர்க் கல்யாண வீட்டில் பந்தியில் கவனிக்கவில்லை என்று எழுந்து போனவர், எதிர்த் தெருவில் தனிப் பந்தல் போட்ட மாதிரி.

பந்தல் போட்டால் போதாது, சாப்பிட ஆள் வேண்டுமே. ஆள் ஏற்கனவே நகரத்தில் நிறைந்திருந்தது. டாக்கா, மைமன்சிங், பரிசால் பக்கமிருந்து படிப்புக்கும் ஆபீஸ் வேலைக்கும் வந்து மெஸ்ஸில் தங்கியிருந்த இளைஞர்கள். வங்காள மொழியில் வீட்டுக்கு இரண்டு சொல் உண்டு. ஒண்டுக்குடித்தனமாகத் தங்கும் இடம் பாசா. பூர்விக வீடு பாடி. நம் காட்பாடியில் வரும் பாடி மாதிரியே காதில் விழும். இவர்களுக்குக் கல்கத்தாவில் இருந்தது பாசா. பாடி கிழக்கே, ஆற்றைத் தாண்டி. துர்கா பூஜைக்கு லீவு விட்டால் ஸ்டீமர் பிடித்துப் போய்விடுவார்கள். போக முடியாத மாதங்களில் சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்குப் போனார்கள். ஊர்ப் பேச்சை அங்கே சத்தமாகப் பேசலாம்.

இதுவரைக்கும் சாதாரண விஷயம்தான். மதுரைக்காரர்கள் சென்னையில் சங்கம் வைத்திருப்பதைப் போல. இது வேறொன்றாக மாறியது 1947இல்.

எல்லை விழுந்தது. ஸ்டீமர் பிடித்துப் போகும் ஊர் ஒரு நாளில் வேறு நாடானது. அடுத்த ஆண்டுகளில் லட்சக்கணக்கானவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். சியால்தா ரயில் நிலைய நடைமேடையிலேயே குடும்பங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. பிறகு தெற்கே சதுப்பையும் காலி மனையையும் பிடித்து மூங்கிலும் ஓலையுமாகக் காலனிகள் போட்டார்கள். விஜய்கட், நேதாஜி நகர், ஜாதவ்பூர் வட்டாரம் எல்லாம் அப்படி எழுந்தவை. அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தவர் இங்கே வேலை தேடி அலைகிறார். அம்மா வாயைத் திறந்தால் கடைக்காரன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறான். எந்த வரிசையில் நின்றாலும் கடைசி ஆள், அகதி.

இந்த நிலையில், அவர்கள் வருவதற்கு முன்பே அந்த நகரத்தில் அவர்கள் பெயரில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. நகரத்தின் நடு மைதானத்தில் கூடாரம், கொடி, கோப்பை. அதன் பெயரே கிழக்கு வங்கம். 1949, 50, 51 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஷீல்டு ஜெயித்தது. வீடு, வேலை, மானம் எல்லாவற்றிலும் தோற்றுப் போய் வந்தவர்களுக்கு, வாரம் ஒருமுறை உள்ளூர்க்காரனைச் சமமாக நிறுத்தி ஜெயிக்க ஓர் இடம். டிக்கெட் வாங்கக் காசில்லாதவர்களுக்கு ரேடியோ இருந்தது. எங்கள் வீட்டுக்கார அம்மா வாழ்நாளில் ஸ்டேடியத்துக்குள் போனதே இல்லை. ரேடியோ வர்ணனையிலேயே ஆட்டக்காரர்களின் நடையுடை எல்லாம் அவருக்குத் தெரியும்.

1955இல் பாகிஸ்தான் அரசு கிழக்கு வங்கம் என்ற பெயரை எடுத்துவிட்டு கிழக்கு பாகிஸ்தான் என்று வைத்தது. 1971இல் அது வங்கதேசம் ஆனது. ஆக, அந்த ஊர்ப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. மிச்சம் இருப்பது ஒரு ஃபுட்பால் கிளப்பின் பெயர்ப் பலகையில். அதைக் கத்துகிறவர்கள் டீம் பெயரைத்தான் கத்துகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ போனவர்கள் ஊர்ச் சங்கங்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் விடாமல் நடத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

"அப்ப ஆட்டக்காரங்களும் அந்த ஊர்க்காரங்களா?" என்றான் தம்பி. நல்ல கேள்வி. இல்லவே இல்லை. அந்த மூன்று ஷீல்டு வருஷங்களில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசை அகமது கான், அப்பா ராவ், வெங்கடேஷ், தன்ராஜ், சாலே. ஐந்து பேரும் தென்னிந்தியர்கள். அகதிகள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்று கொண்டாடினார்கள். அந்தப் பக்கம் பார்த்தால், சீனப் பெருஞ்சுவர் என்று பெயர் வாங்கிய மோகன் பாகான் தடுப்பாளர் கோஷ்டோ பால் ஃபரித்பூரில் பிறந்தவர். கடைசிவரை மோகன் பாகானை விட்டுப் போகாத சூனி கோஸ்வாமி பிறந்தது கிழக்கே, கிஷோர்கஞ்சில். ஆடுகிறவன் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். பார்க்கிறவனுக்குத்தான் பூர்விகம்.

நகரத்தில் மூன்றாவது கிளப் ஒன்றும் உண்டு, முகமதன் ஸ்போர்ட்டிங். கல்கத்தா லீகை முதன்முதலில் வென்ற இந்திய அணி மோகன் பாகான் இல்லை, இவர்கள்தான். 1934இலிருந்து தொடர்ந்து ஐந்து முறை வென்றார்கள். அங்கே வாசல் ஊர் அல்ல, மதம். அந்தக் கதைக்குத் தனியாக ஒரு டீ வேண்டும்.

இதையெல்லாம் இனிப்பாகவே சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸில் இந்த இரண்டு அணிகளின் ஆட்டத்தின்போது கலவரமும் நெரிசலும். ஆட்டம் பார்க்கப் போன பதினாறு பேர் வீடு திரும்பவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் ரத்த தானம் நடக்கிறது.

தம்பி டீயைக் கீழே வைத்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "இப்ப உள்ள பசங்களுக்கு பரிசாலும் தெரியாது, ஒண்ணும் தெரியாதே?"

தெரியாது. கோட்டியும் பாங்காலும் கல்யாணம் செய்து, பிள்ளைக்கு எந்தச் சட்டை என்று இரண்டு தாத்தாக்களும் மல்லுக்கு நிற்கும் வீடுகள் ஏராளம். ஆனால் பெயரில் கை வைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ஒரே மதுபானக் குழுமம் இரண்டு கிளப்புக்கும் பணம் கொடுத்து, இரண்டின் முன்னாலும் தன் சரக்கின் பெயரை ஒட்டியது, முணுமுணுத்துப் பொறுத்துக்கொண்டார்கள். 2020இல் மோகன் பாகான் வேறொரு கிளப்போடு இணைந்து ஏ.டி.கே. மோகன் பாகான் ஆனபோது பொறுக்கவில்லை. அந்த மூன்றெழுத்தை எடு என்று மூன்று வருஷம் பதாகை பிடித்தார்கள். 2023இல் எடுத்துவிட்டார்கள். அப்போது பச்சை மெரூன்காரர்களின் கோபம், கிழக்கத்தியர்களுக்குத்தான் நன்றாகப் புரிந்திருக்கும்.

2024 ஆகஸ்டில், ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதையொட்டி நகரமே கொதித்துக்கொண்டிருந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி இரண்டு அணிகளும் மோதவிருந்த டூராண்ட் கோப்பை ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லாவிட்டாலும் ரசிகர்கள் சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். மூன்று கிளப் கொடியும் ஒரே தெருவில், நீதி கேட்டு. போலீஸ் தடியடி நடத்தியபோது யார் எந்த ஊர் என்று பார்க்கவில்லை.

"நீங்க எந்தப் பக்கம்ணே? அதைச் சொல்லவே இல்லையே."

1997 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட் லேக்கில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். இந்தியாவில் ஃபுட்பாலுக்கு அப்படியொரு கூட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மோகன் பாகான் பயிற்சியாளர் அமல் தத்தா ஆட்டத்துக்கு முன்பே வாயை விட்டிருந்தார். எதிரணியின் ஒமோலோவை ஆம்லெட் என்றும், சோசோவை வெள்ளரிக்காய் என்றும், பாய்ச்சுங் பூட்டியாவைச் சுங் சுங் என்றும் நக்கல். சுங் சுங் அன்றைக்கு மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4-1.

நான் டிக்கெட் கிடைக்காமல் வீட்டில், ரேடியோ பக்கத்தில், வீட்டுக்கார அம்மாவோடு. மாசிமா என்றுதான் கூப்பிடுவேன். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன் வாங்க வேண்டும், மோகன் பாகான் ஜெயித்தால் இறால். அது அங்கே சட்டம். இலிஷ் என்பது நம் உல்லம்தான். ஜெயித்த அன்று சந்தையில் விலையைக் கேட்டால் தலை சுற்றும். மாசிமாவின் மகன் எங்கோ அலைந்து ஒன்றை வாங்கிவந்தார். கடுகு அரைத்துவிட்டுக் குழம்பு. எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள்.

"இன்னைலேருந்து நானும் ஈஸ்ட் பெங்கால்தான் மாசிமா" என்றேன், வாயெல்லாம் கடுகு நெடியோடு.

அவர் சிரிக்கவில்லை. "உன் ஊர் பேரு என்ன சொன்னே? மேலூர். இப்பவும் இருக்குல்ல? அதே பேருல?"

"இருக்கு."

"பஸ்ஸு போகுமா?"

"மதுரையிலேருந்து அரை மணிக்கு ஒண்ணு."

"அப்புறம் உனக்கு எதுக்கு டீம்" என்று சொல்லிவிட்டு, வயிற்றுப் பக்கத்துத் துண்டு ஒன்றை என் தட்டில் வைத்தார். முள் பார்த்துச் சாப்பிடு என்றார்.