ஊவா மலையில் ஓர் ஆங்கில ஆசிரியன்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மண்ணிற் சென்று ஆசிரியத் தொழில் புரிவோருக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள் உண்டு. ஒன்று, அவர்கள் கற்பிக்கும் பள்ளிக்கூடம். மற்றொன்று, அவர்கள் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம். இந்த இரண்டாவது பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, மணி இல்லை, விடுமுறையும் இல்லை.

யப்பான் நாட்டிலே 1987ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, பல தேசங்களிலிருந்தும் பட்டதாரிகளான இளைஞர்களும் யுவதிகளும் அங்கு வரவழைக்கப்பட்டு, நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்ப் பள்ளிகளிலும் ஆங்கிலத் துணையாசிரியர்களாக அமர்த்தப்படுகின்றனர். அவர்களுக்கெல்லாம் முன்னோடி எனத் தக்கவர் லஃப்காடியோ ஹேர்ன் என்னும் எழுத்தாளர். கிரேக்கத் தீவொன்றில் 1850இல் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவிற் பத்திரிகைத் தொழில் செய்த அவர், 1890ஆம் ஆண்டு யப்பானை அடைந்து, மத்சுயே என்னும் ஊரின் நடுத்தரப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கலானார். அந்நாட்டு மொழி அவருக்குத் தெரியாது. பள்ளியிற் பணியாற்றிய நிஷிதா என்னும் நல்லாசிரியர் அவருக்குக் கண்ணாகவும் காதாகவும் விளங்கினார். ஹேர்ன் மணந்துகொண்ட செத்சு அம்மையாரும் அவரும் தமக்கெனக் குறைமொழி ஒன்றையே ஆக்கி, அதிலே இல்லறம் நடத்தினர் என்பர். அவருடைய மத்சுயே வாழ்வு ஓராண்டுக்குச் சற்றே மேற்பட்டது. ஆயினும், ஆங்கில ஆசிரியர் ஒருவரின் நாட்குறிப்பு என்ற வகையில் அவர் எழுதி 1894இல் நூலேறிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகின்றது.

ஹேர்னைப் பற்றி நான் படித்தது யப்பானிலன்று. பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில். யாழ்ப்பாணத்து இளைஞனாகிய நான் அங்கே ஆங்கில ஆசிரியனாகச் சென்றிருந்தேன். ஒரே நாடு, ஒரே தமிழ். ஆயினும், நான் அங்கு அந்நியனே.

மலையேறிய கதை

2011ஆம் ஆண்டு தை மாதம். கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகைவண்டியில் ஏறினேன். இந்த இருப்புப்பாதை 1894இற் பண்டாரவளையை எட்டியது. பதுளையை எட்ட மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. பட்டிப்பளையைக் கடந்ததும் குளிர் எலும்பைத் தொட்டது. அப்புத்தளையில் இறங்கினேன். பள்ளியின் தலைமையாசிரியர் எனக்காகக் காத்திருந்தார். அந்தத் தோட்டத்து லயமொன்றிலே பிறந்து, அதே பள்ளியிற் படித்து, அதே பள்ளிக்குத் தலைவராக வந்தவர் அவர். பின்னர் எனக்கு நிஷிதாவாக வாய்த்தவரும் அவரே.

முதல் நாள் வகுப்பிலேயே என் தமிழ் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. "வடிவாய் எழுதுங்கோ" என்றேன். எங்கள் ஊரில் அதற்கு அழகாக, நன்றாக எழுதுங்கள் என்பது பொருள். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "எந்த வடிவம் சேர்? வட்டமா, சதுரமா?" என்று பணிவோடு கேட்டான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். "கெதியாய்" என்றால் அவர்களுக்கு விளங்காது. "சீக்கிரம்" எனல் வேண்டும். நான் "ஓம்" என்பேன். அவர்கள் "ஆமாங்க" என்பர். ஆங்கிலம் கற்பிக்கச் சென்றவன் முதலில் தமிழ் கற்க வேண்டியதாயிற்று.

தோட்டத்தின் ஒரு நாள்

விடியுமுன்னரே தோட்டம் விழித்துவிடும். முற்காலத்தில் தப்பொலி கேட்டே மக்கள் எழுந்தனர் என்று முதியோர் சொல்வர். கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, இடுப்பிற் படங்கும் முதுகிற் கூடையுமாகப் பெண்கள் பிரட்டுக் களத்துக்கு விரைவர். மூத்த பிள்ளைகள் தம்பி தங்கையரைக் கையிற் பிடித்தபடி, தேயிலைச் செடிகளுக்கிடையே ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் பள்ளிக்கு வருவர். ரொட்டியும் சம்பலுமே காலையுணவு. மழைக்காலமாயின் காலில் அட்டை கடித்த குருதி வழியும். அதனைத் துடைத்துவிட்டு வாய்ப்பாடு ஒப்பிக்கத் தொடங்குவர். சில நாட்களில் மூடுபனி வகுப்பறைக்குள்ளேயே புகுந்துவிடும். அப்போது கரும்பலகை மறைந்துவிடுவதால், பாடத்தை வாயினாலேயே நடத்துவோம்.

இத்தகைய பள்ளிகளின் வரலாறு நெடியது. தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பது தோட்டத் துரையின் கடமையென 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சட்டம் வந்தது, கல்வி மெல்லவே வந்தது. ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்பதே பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்த நிலை. 1977ஆம் ஆண்டிலிருந்தே இப்பள்ளிகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதன்பின் சுவீடன் நாட்டின் உதவியுடன் புதிய கட்டடங்கள் எழுந்தன. ஆனால், கட்டடம் எழுந்த வேகத்தில் ஆங்கில ஆசிரியர்கள் வரவில்லை, வந்தவர்களும் நிலைக்கவில்லை.

கட்டளையும் கேள்வியும்

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாதென எண்ணியிருந்தேன். அது தவறு. "லயம்" என்பது ஆங்கில "லைன்". "பிரட்டு" என்பது "பரேட்" என்பதன் மரூஉ என்பர். செக்ரோல், ஸ்டோர், கண்டக்டர், கிளாக்கர், கொந்தரப்பு என அவர்கள் வீட்டுப் பேச்சில் ஆங்கிலம் வழிந்தது. இச்சொற்களையெல்லாம் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது பிள்ளைகள் வியந்தனர். "அப்படீன்னா எங்க ஆயாவுக்கு இங்கிலீசு தெரியும்!" என்று துள்ளினாள் ஒரு சிறுமி.

அன்று மாலை தலைமையாசிரியரிடம் இதனைப் பெருமையுடன் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்தச் சொல்லெல்லாம் மேலேயிருந்து கீழே வந்தது. துரை கண்டக்டருக்குச் சொல்லுவார். கண்டக்டர் கங்காணிக்குச் சொல்லுவார். கங்காணி எங்களுக்குச் சொல்லுவார். கீழேயிருந்து மேலே ஒரு கேள்வி போனதுண்டா?"

பின்னர் ஒரு செய்தியையும் அவர் கூறினார். அக்காலத்து வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென ஒரு கையடக்க நூல் இருந்ததாம். அந்நூலின் பெயரே "இங்கே வா"! அந்நியர் கற்ற தமிழ் கட்டளையில் தொடங்கிற்று. நான் கற்பித்த ஆங்கிலமோ? "ஸ்டாண்ட் அப்", "சிட் டவுன்", "கம் ஹியர்". என் பாடமும் அதே "இங்கே வா"தான் என்பதை எண்ணியபோது எனக்கு நாணம் மேலிட்டது.

கேளாமையின் விலை யாதென்பதையும் அவர் தம் குடும்பக் கதையாற் காட்டினார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மலையக மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னரே தீர்மானிக்கப்பட்டது. "எங்க அப்பா படிக்கத் தெரியாதவர். விண்ணப்பத் தாளில் என்ன இருக்கென்று கேட்காமலே, காட்டின இடத்தில் கைநாட்டு வைத்தார். பெரியப்பா வேறொரு தாளில் வைத்தார். ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே. பிறகு இரண்டு பேரும் சந்திக்கவே இல்லை" என்றார் அவர்.

மறுநாளே என் பாடமுறையை மாற்றினேன். வகுப்பு முடியுமுன் ஒவ்வொரு பிள்ளையும் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிழையாக இருந்தாற் பாதகமில்லை. ஆனால், விடை அறிய விரும்பும் கேள்வியாக இருத்தல் வேண்டும் என்றேன்.

அந்த ஒரு கேள்வி

முதல் வாரம் முழுதும் புத்தகக் கேள்விகளே வந்தன. "உமது பெயர் என்ன?" என்று ஐம்பது தடவை கேட்கப்பட்டு, ஐம்பது தடவையும் விடை கூறினேன். இரண்டாம் வாரம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். கொழுந்து பறிக்கும் தாயின் மகள். பேசாமடந்தை எனப் பெயரெடுத்தவள்.

"வென் வில் யூ கோ, சேர்?"

நீங்கள் எப்போது போவீர்கள், ஐயா? சொல்லிலே ஒரு பிழையும் இல்லை. வகுப்பு அமைதியாயிற்று. எனக்கு முன்பு நான்கு ஆண்டுகளில் மூன்று ஆங்கில ஆசிரியர்கள் அங்கு வந்து போயினர் என்பதை அறிவேன். ஒவ்வொருவரும் விடுமுறைக்கென ஊர் சென்று, இடமாற்றம் பெற்றுத் திரும்பாது நின்றுவிட்டனர். என் பெட்டிக்குள்ளும் நிரப்பப்பட்ட இடமாற்ற விண்ணப்பம் ஒன்று இருந்தது. இதனை அவள் எவ்வாறு அறிந்தாள்? அறிந்திருக்கமாட்டாள். அனுபவமே அவளைக் கேட்க வைத்தது.

அன்று நான் விடை கூறவில்லை. "நல்ல கேள்வி" என்று மட்டும் சொல்லி நழுவினேன். அந்த விண்ணப்பத்தை அன்றிரவு கிழித்தெறிந்தேன் என எழுதினால் நேயர்கள் மகிழக்கூடும். ஆனால், நான் கிழிக்கவில்லை. பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினேன். தாயின் கடிதம் வரும்போதெல்லாம் அதனை எடுத்துப் பார்ப்பேன், மீண்டும் வைப்பேன். இவ்வாறே ஆண்டுகள் சென்றன.

மலை சரிந்தபோது

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. பள்ளிக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பிய பிள்ளைகள் பலர். திரும்பி வந்தபோது அவர்களுட் சிலருக்குத் தாய் தந்தையர் இல்லை. எங்கள் பிள்ளைகளுள் உறவினரைப் பறிகொடுத்தோரும் இருந்தனர்.

பள்ளி மீண்டும் கூடிய நாளில், கேள்வி நேரத்தில் ஒரு மாணவன் கேட்டான்: "வில் அவர் ஹில் ஃபால்?" எங்கள் மலையும் விழுமா?

அதற்கு விடையறியும் ஆற்றல் என்னிடம் இல்லை. ஆகவே, அதனை அறிந்தோரிடம் கேட்பது எவ்வாறு என்பதை அன்றைய பாடமாக்கினேன். பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம். எங்கள் லயங்களின் பின்னுள்ள சரிவு பரிசோதிக்கப்பட்டதா? எப்போது? ஆபத்தாயின் நாங்கள் எங்கே செல்ல வேண்டும்? ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். வகுப்பு முழுவதும் கையெழுத்திட்டது. கைநாட்டு ஒன்றேனும் இல்லை. அதனைக் கண்ட தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இரண்டு மாதங்களின் பின் அதிகாரி ஒருவர் வந்து சரிவைப் பார்வையிட்டார். கடிதத்தினால் வந்தாரோ, தம் கடமை முறையில் வந்தாரோ, யானறியேன். பிள்ளைகள் தங்கள் கடிதத்தினாலேயே வந்தார் என நம்பினர். நான் மறுக்கவில்லை.

விடை

2015 மார்கழியில் அந்த வகுப்பு சாதாரண தரப் பரீட்சை எழுதியது. யாவரும் ஆங்கிலத்திற் சித்தியடைந்தனர் என்று சொல்வதற்கில்லை. சிலர் சித்தியடைந்தனர், சிலர் கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிச் சென்றனர், அந்தப் பேசாமடந்தை உயர்தர வகுப்புக்குப் பதுளை சென்றாள்.

என் தாய் நோயுற்றிருந்தமையால் நானும் ஊர் திரும்ப நேர்ந்தது. ஆனால், பரீட்சைக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே வகுப்பில் நின்று, "நான்காண்டுகளுக்கு முன் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு இன்று விடை சொல்லுகின்றேன்" என்று தொடங்கி, நான் போகும் நாளையும் காரணத்தையும் ஆங்கிலத்திற் கூறினேன். அவள் எழுந்து, "தேங்க் யூ ஃபார் டெலிங் அஸ், சேர்" என்றாள். எங்களிடம் சொன்னதற்கு நன்றி! எனக்கு முன்னர் வந்தவர் எவரும் சொல்லிக்கொண்டு போனதில்லை என்று தலைமையாசிரியர் பின்னர் கூறினார்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களிற் பலர் ஆசிரியராவீர்கள். ஊவா மலைக்கோ, வன்னிக் காட்டுக்கோ, கடல் கடந்து யப்பானுக்கோ நியமனம் பெறுவீர்கள். எங்கு சென்றாலும் அவ்வூர்ச் சொல்லை முதலிற் கற்றுக்கொள்ளுங்கள். கட்டளையைக் கற்பிக்குமுன் கேள்வியைக் கற்பியுங்கள். அப்பிள்ளைகள் உங்களை நோக்கியே ஒரு நாள் கேட்பார்கள். அப்போது தலை குனியாது விடை கூறும் நிலையில் இருங்கள். போகத்தான் வேண்டுமாயின், சொல்லிவிட்டுப் போங்கள்.